பஞ்சாலைக்காகப் பூட்டிய ஸ்பிரிங்

புக்கிட் செராய் தோட்டத்தில் சன்னாசியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் மூன்று நான்கு பேர்தான். மற்ற எல்லாருக்கும் அவன் பிட்டர். மலாயாவில், கோலா பிலா டவுனிலிருந்து ஒன்பதாவது மைல்கட்டையில், குன்றுகளுக்கு நடுவே இருந்த ரப்பர்த் தோட்டம் அது. ஆலையில் உறைந்த ரப்பர்ப் பாலை நசுக்கித் தகடாக்கும் உருளைகளும், அவற்றை ஓட்டும் எஞ்சினும் அவன் பொறுப்பு. எஞ்சின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து ஓடுவான். ஆள் ஒல்லி. பேச்சும் குறைவு.

ஜப்பான்காரன் காலத்தில் அவனையும் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். தோட்டத்திலிருந்து போன முப்பத்தொரு பேரில் நான்கு பேர் திரும்பினார்கள். அவன் ஒருவன். பின்னாளில் சிரம்பான் நகரத்து ரஹாங் பகுதியில் மோட்டார் பட்டறை வைத்திருந்த ராமகிருஷ்ணன் இன்னொருவன். சந்திக்கும்போதெல்லாம் இரண்டு பேரும் எஞ்சினைப் பற்றித்தான் பேசுவார்கள்.

சன்னாசியிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. 1936-ல் சீமையில் செய்தது. போருக்கு முன்பு இருந்த துரையுடையது. ஜப்பான்காரன் கையில் சிக்கக் கூடாதென்று யாரோ அதைப் பிரித்து, ரப்பர்த் தகடு காயவைக்கும் புகைவீட்டு விறகுக்கு அடியில் புதைத்துவிட்டார்கள். போர் முடிந்து வந்த புதுத் துரை அந்தத் துருப்பிடித்த குவியலைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, ஓட வைக்க முடிந்தால் நீயே எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டார். சன்னாசி எட்டு மாதத்தில் அதை ஓட வைத்தான்.

ஓடியது. ஆனால் அந்தக் காலத்து மோட்டார்களில் முன்சக்கரத்துக்குத்தான் ஸ்பிரிங் உண்டு. பின்சக்கரத்தைச் சட்டத்தோடு சேர்த்து இறுக்கியிருப்பார்கள். ஓட்டுகிறவனுக்காவது ஆசனத்துக்கு அடியில் இரண்டு சுருள் இருந்தது. பின்னால் உட்காருகிறவர்களுக்கு ஒன்றுமில்லை, ரோட்டின் ஒவ்வொரு கல்லும் நேராக முதுகில் ஏறும். அவன் மனைவி பஞ்சாலை ஒரே ஒரு முறை அதில் ஏறிவிட்டு, "இதுக்கு நடந்தே போயிரலாங்க" என்று இறங்கிவிட்டாள்.

பஞ்சாலை ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் மூன்று கருக்கள் கலைந்துபோயின. மூன்றாவது, டவுனுக்குப் போய்த் திரும்பும்போது தோட்டத்து லாரியிலேயே போனது. லாரியின் பலகையை மற்றப் பெண்கள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவியதை அவள் ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாளாம். அதன்பிறகு ஒரு வருஷம் அவள் சத்தமாகப் பேசி யாரும் கேட்கவில்லை.

1952-ல் நான்காவது முறையாக அவள் உண்டானாள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டாக்டருக்குப் பதிலாக மருந்து கொடுக்கும் டிரெஸராக இருந்த கந்தையா, யாழ்ப்பாணத்துக்காரர், வயதானவர், அவளைப் பரிசோதித்துவிட்டுச் சன்னாசியை வெளியே கூட்டிவந்தார்.

"சன்னாசி, நான் சொல்லுறதைக் கேளும். இந்த முறை தோட்டத்திலை வச்சுப் பாக்க ஏலாது. மாசம் ஒருக்கா கோலா பிலாவிலை பெரிய டொக்டருக்குக் காட்டவேணும். பிள்ளைப்பேறும் அங்கைதான்."

"கூட்டிட்டுப் போறேங்க ஐயா."

"எப்பிடிக் கொண்டுபோவீர்? ஆளைக் குலுக்கக்கூடாது. முந்தின மூண்டும் அப்பிடித்தான் போனது எண்டு நினைக்கிறன். லாரியை நினைக்கவும் வேண்டாம்."

வெள்ளைக்கார அரசு அறிவித்திருந்த அவசரகாலம் உச்சத்தில் இருந்த நேரம் அது. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், ரோட்டில் பட்டாளம். தொழிலாளர் குடியிருந்த லயங்களைச் சுற்றி இரட்டை முள்கம்பி வேலி. மாலை ஆறு மணிக்குக் கதவைப் பூட்டினால் காலை ஆறுக்குத்தான் திறப்பார்கள். காட்டிலிருப்பவர்களுக்கு அரிசி போகக் கூடாதென்று வாசலிலும் ரோட்டிலும் சோதனை. பால் வெட்டப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூட எடுத்துப்போக முடியாது. வாடகைக் கார் எதுவும் அந்தப் பக்கம் வர மறுத்தது. தோட்டத்து லாரி மட்டும் வாரத்துக்கு ஒருமுறை, கவச வண்டிக்குப் பின்னால் டவுனுக்குப் போய்வந்தது. அந்த லாரியைத்தான் டிரெஸர் வேண்டாமென்கிறார். மீதி இருந்தது மோட்டார்தான்.

சன்னாசிக்கு அப்போது நினைவுக்கு வந்தது, டவுனில் பார்த்த ஒரு புது மோட்டார். அதில் பின்சக்கரம் சட்டத்தோடு ஒட்டியிருக்கவில்லை. கவட்டை போன்ற இரும்பு ஒன்று சக்கரத்தைப் பிடித்திருந்தது. கவட்டையின் அடி சட்டத்தில் கீல்போல் அசைந்தது. இரண்டு பக்கமும் இரண்டு ஸ்பிரிங் கால்கள், உள்ளே எண்ணெய். சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறியபோதும் மேலே உட்கார்ந்திருந்தவன் அசையவில்லை. சன்னாசி அன்றைக்குக் கடைத்தெருவில் அதன் பின்னாலேயே நடந்து போயிருக்கிறான்.

அடுத்த லாரியில் டவுனுக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடித்து ராமகிருஷ்ணனிடம் போனான். விஷயத்தைக் கேட்டதும் ராமகிருஷ்ணன் பட்டறைக்குப் பின்னால் கூட்டிப்போனான். முன்பாதி கருகிப்போன ஒரு மோட்டார் கிடந்தது. வேறொரு தோட்டத்துச் சின்னத்துரையுடையது. இருபத்திரண்டு வயது வெள்ளைக்காரப் பையன். காட்டிலிருப்பவர்கள் ரோட்டு வளைவில் மறைந்திருந்து சுட்டிருக்கிறார்கள்.

"யாரும் கேட்டு வரல. தூக்கிப் போடச் சொல்லிட்டாங்க. பின்னாடி ஸ்பிரிங் காலு ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. எடுத்துக்கடா."

சன்னாசி அதைக் கழற்றிச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தான். பஞ்சாலை சாக்கைப் பிரித்துப் பார்த்தாள்.

"யாருதுங்க?"

அவன் பொய் சொல்லவில்லை. "அந்தப் பையனோட அம்மா சீமையில இருப்பாங்க இல்ல?" என்றாள். பிறகு அந்தக் கால்களைத் தன் பழைய சேலைத் துணியால் துடைத்து, சுவரோரம் நிறுத்திவைத்தாள்.

ஏழு வாரம் வேலை. பகலில் உருளைகள், வேலை முடிந்த பின் ஆறு மணி வரைக்கும் மோட்டார், ஞாயிற்றுக்கிழமை முழுக்க மோட்டார். சட்டத்தின் பின்பாதியை ரம்பத்தால் அறுத்தான். கனத்த தண்ணீர்க் குழாயை வளைத்துக் கவட்டை செய்தான். கீல் அசைய, தேய்ந்த உருளையிலிருந்து பித்தளைப் புஷ் வளையத்தை எடுத்துக் கடைந்தான். முதல் தடவை கீலை உயரமாக வைத்துவிட்டான். சக்கரம் ஏறி இறங்கும்போது சங்கிலி ஒரு சமயம் விறைத்தது, ஒரு சமயம் தொங்கியது. ஆலை வாசலைத் தாண்டுவதற்குள் சங்கிலி அறுந்து பின்சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. எல்லாவற்றையும் பிரித்து, கீலைச் சங்கிலியை இழுக்கும் முன்பல்சக்கரத்துக்கு நேராக, எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக இறக்கினான்.

செம்மண் தூசி ஸ்பிரிங் காலுக்குள் போனால் எண்ணெய் கசியும். அதற்காக இரும்புக் குழாயில் இரண்டு உறை செய்து, கால்களை உள்ளே இறக்கினான். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலையைப் பார்க்க வந்திருந்த ராமகிருஷ்ணன் சொல்லத்தான் செய்தான், உறைக்கு மரை போட்ட திருகுமூடி வை, பின்னால் கழற்ற வசதி என்று. சன்னாசி கேட்கவில்லை. மரையிலும் தூசி நுழையுமாம். மூடியை வைத்துச் சுற்றிலும் இரும்பை உருக்கிப் பற்றவைத்து மூடிவிட்டான்.

"இனிமே காத்துகூட உள்ள போவாது" என்றான். அவன் பெருமையாகப் பேசி ராமகிருஷ்ணன் கேட்டது அன்றைக்குத்தான்.

பஞ்சாலையை ஏற்றுவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்தான். வாளி நிறையப் பால் ஊற்றிப் பின் ஆசனத்தில் கட்டி, தோட்டத்து ரோட்டில் ஒரு சுற்று ஓட்டினான். பழைய மோட்டாரில் இப்படிச் செய்திருந்தால் பாதி வாளி முதுகில் வந்திருக்கும். திரும்பி வந்தபோது வாளியின் விளிம்புக்குக் கீழே இரண்டு விரல்கடைதான் குறைந்திருந்தது. ஆலைப் பெண்கள் வந்து வாளியை எட்டிப் பார்த்தார்கள். வேலையாட்களை மேற்பார்க்கும் மண்டோர் மாயாண்டி தானே ஏறி உட்கார்ந்து ஒரு சுற்றுப் போகச் சொன்னார். இறங்கி, "சப்பரம் மாதிரி இருக்குடா பிட்டரே" என்றார்.

ஐந்தாம் மாதம் பஞ்சாலை ஏறினாள். பக்கவாட்டில் உட்கார்ந்து அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது மைலும் அவன் பல்லைக் கடித்தபடி ஓட்டினான். ஆறாவது மைல்கட்டையில் ரோட்டை மறித்துக் கட்டை போட்ட சோதனைச் சாவடி. அங்கிருந்த காவலர்கள் மோட்டாரைச் சுற்றிவந்து பார்த்துச் சிரித்தார்கள். பெண்களைச் சோதிக்க அங்கே செல்லம்மா என்று ஒரு நடுத்தர வயதுப் பெண் இருந்தாள். அவள் பஞ்சாலையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, "போய்ட்டு வா ஆயி" என்றாள். டவுனில் டாக்டர், குழந்தை நன்றாக இருக்கிறது என்றார்.

ஆறாம் மாதமும் போனார்கள். ஏழாம் மாதமும் போனார்கள். அந்த ஏழாம் மாதப் பயணத்தில், திரும்பி வரும்போது முதுகில் பாரம் சாய்வதை உணர்ந்து சன்னாசி பதறி வண்டியை நிறுத்தினான். பஞ்சாலை தூங்கிப் போயிருந்தாள்.

"ஏங்க நிப்பாட்டிட்டீங்க?"

"தூங்கிட்டியா புள்ள?"

"தொட்டில் மாதிரி இருந்திச்சி" என்று அவள் வெட்கப்பட்டாள். அவன் அந்தச் சொல்லை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் ஆலையில் அவன் வாய்விட்டுச் சிரித்ததாகச் சொல்வார்கள்.

எட்டாம் மாதம், ஒரு வியாழக்கிழமை, மதியம் ஒரு மணிக்குப் பஞ்சாலைக்கு வலி கண்டது. கந்தையா பார்த்துவிட்டு, "முந்திப்போச்சு. ஆனா நேரம் இருக்கு. ஓடும், ஓடும்" என்றார். சன்னாசி கிளம்பினான். மெதுவாகப் போனாலும் அரை மணி நேரத்தில் டவுன்.

ஆறாவது மைலில் செல்லம்மாவைத் தவிர எல்லாரும் புது முகங்கள். பழைய காவலர்களை முந்தின நாள்தான் வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். மூன்று நாளைக்கு முன்னால் அதே சாவடியில் ஒரு சைக்கிளின் சட்டக் குழாய்க்குள் அரிசி கண்டுபிடித்திருந்தார்கள். புதிதாக வந்த சார்ஜன்ட்டுக்கு உத்தரவு, எந்தக் குழாயையும் விடக்கூடாதென்று. சன்னாசிக்கு இதெல்லாம் பிறகுதான் தெரிந்தது.

சார்ஜன்ட் மோட்டாரைச் சுற்றி வந்தார். பழைய மோட்டார், பின்னால் மட்டும் கனமான புதுக் குழாய்கள். குனிந்து விரல் மடக்கித் தட்டினார். இது என்ன என்று மலாயில் கேட்டார்.

"ஸ்பிரிங், துவான். உள்ள ஸ்பிரிங்."

"புக்கா."

திறக்கச் சொன்னார். சன்னாசி திறக்க முடியாது, பற்றவைத்திருக்கிறது என்றான். அது சார்ஜன்ட்டின் சந்தேகத்தைக் கூட்டியது. திறக்க முடியாதபடி ஏன் மூடினாய்? தூசிக்காக என்றான். மலாயில் அவனுக்கு அவ்வளவுதான் சொல்ல வந்தது.

செல்லம்மா குறுக்கே வந்தாள். "இது வலி கண்ட பொம்பள துவான், இவங்கள எனக்குத் தெரியும், விட்டுருங்க."

சார்ஜன்ட் பஞ்சாலையைப் பார்த்தார். வயிற்றில் துணி கட்டி மருந்து கடத்திய பெண்களையும் அவர் பார்த்திருக்க வேண்டும். சாவடிக் குடிசைக்குள் கூட்டிப்போய்ச் சோதித்துவிட்டு வா என்று செல்லம்மாவிடம் சொன்னார். சன்னாசியிடம் மறுபடியும், "புக்கா."

துப்பாக்கி வைத்திருந்த இரண்டு பேர் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

சன்னாசி உட்கார்ந்தான். ஆலையில் இருந்திருந்தால் ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்க வைஸ் உண்டு, பற்றவைத்ததை அறுக்க ரம்பம் உண்டு. இங்கே ஒரு ஸ்பானரும், டயர் நெம்பியும், சாவடியில் இருந்த ஓர் உளியும்தான். வலது ஸ்பிரிங் காலைக் கழற்றி, கல்லில் வைத்து, மூடியை உளியால் வெட்டத் தொடங்கினான். அவனுடைய வேலை அது, நன்றாகப் பிடித்திருந்தது. ஒரு சுற்று வெட்ட அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. குடிசைக்குள்ளிருந்து பஞ்சாலையின் குரல் வந்தது. முதலில் முனகல். பிறகு முனகலாக இல்லை. ஒவ்வொரு முறையும் அவன் எழுந்தான், ஒவ்வொரு முறையும் உட்காரச் சொன்னார்கள்.

மூடி திடீரென்று விட்டது. அமுங்கியிருந்த ஸ்பிரிங் பாய்ந்து அவனுடைய இடதுகையில் அடித்து ரோட்டின் மறுபக்கம் போய் விழுந்தது. சுண்டுவிரலும் பக்கத்து விரலும் முறிந்து தொங்கின. எண்ணெய் செம்மண்ணில் ஊறியது. சார்ஜன்ட் உறையைத் தலைகீழாகப் பிடித்து உதறினார். ஒன்றும் விழவில்லை.

"அதையும்" என்று மோட்டாரின் இடது காலைக் காட்டினார்.

சன்னாசி முறிந்த கையைத் தொடைகளுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு இரண்டாவதைக் கழற்றப் போனான். எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சயாமில் எதிர்த்துச் சொன்னவர்களுக்கு என்ன நடந்தது என்பதைப் பார்த்தவன். ஆனால் இது சயாம் இல்லையே, அன்றைக்கு நான் கத்தியிருந்தால் விட்டிருப்பார்களோ என்று ஆயுசு முழுக்க அவன் தன்னையே கேட்டுக்கொண்டான்.

செல்லம்மா குடிசை வாசலுக்கு வந்து நின்றாள். அவள் முழங்கை வரைக்கும் ரத்தம். "துவான், ஜீப் எடுங்க" என்று கத்தினாள். அப்போதுதான் சார்ஜன்ட்டின் முகம் மாறியது. அவரே ஓடினார், அவரே ஜீப்பை ஓட்டினார். அந்த ஆறு மைல் தூரமும் ஹாரனை அழுத்திக்கொண்டே போனார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

குழந்தை சாவடியிலேயே பிறந்துவிட்டது. பெண். செல்லம்மா தன் முந்தானையில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். நாலாவது மைல் வரைக்கும் மூச்சு இருந்தது என்று அவள் சொன்னாள். பஞ்சாலை பிழைத்தாள். டாக்டர், ஒரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால் என்று தொடங்கி, சன்னாசியின் கையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

குழந்தையைத் தோட்டத்துச் சுடுகாட்டில் புதைத்தார்கள். அது வேலிக்கு வெளியே, காட்டோரம். பாஸ் வாங்கி, நான்கு பேர் மட்டும், இருபது நிமிஷம். பஞ்சாலை ஆஸ்பத்திரியில் கிடந்தாள், வரவில்லை.

ஒரு வாரம் கழித்து, போலீஸ் வண்டியில் யாரோ மோட்டாரையும், சாக்கில் கட்டிய ஸ்பிரிங்கையும் ஆலை வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். சன்னாசி அந்தச் சாக்கை அவிழ்க்கவில்லை. சார்ஜன்ட்டை வெறுக்கலாம் என்று பார்த்தான். முகமே நினைவுக்கு வரவில்லை. குழாயைத் தட்டிய அந்த மடக்கிய விரல் மட்டும்தான் வந்தது. அதற்குப் பின்னால் உடனே, மூடியைச் சுற்றிப் பற்றவைத்த தன்னுடைய கையும் வந்தது. மரை போட்டிருந்தால் ஐந்து நிமிஷத்தில் திறந்திருக்கலாம்.

இதை அவன் பஞ்சாலையிடம் ஒருநாள் சொல்லிவிட்டான். அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"எனக்குத் தூசி படக்கூடாதுன்னா மூடுனீங்க?"

"இல்ல. ஸ்பிரிங்குக்கு."

"ஸ்பிரிங்கு யாருக்கு?"

அவள் மறுபடி புடைக்கத் தொடங்கினாள். அதற்குமேல் அவள் அதைப் பற்றிக் கேட்கவேயில்லை.

மறுவருஷம் பால் வெட்டுகிற லெட்சுமிக்கு மாதம் நெருங்கியது. கந்தையா தயங்கித் தயங்கி ஆலைக்கு வந்தார். மோட்டாரைத் திரும்பப் பூட்ட முடியுமா என்று கேட்டார். சன்னாசி தலையை ஆட்டி மறுத்துவிட்டான். லெட்சுமி லாரியில் போனாள், அதே குண்டும் குழியுமான ரோட்டில், மூட்டைகளுக்கு நடுவே. அடுத்த வாரம் கொழுகொழுவென்று ஓர் ஆண்பிள்ளையோடு அதே லாரியில் திரும்பி வந்தாள். லயமே போய்ப் பார்த்தது. சன்னாசியும் போனான். பிள்ளையைக் கையில் கொடுத்தார்கள், வாங்காமல் திரும்பிவிட்டான்.

நேராக டிரெஸரிடம் போய் நின்றான்.

"ஐயா, குலுங்கினதாலதான் போச்சுன்னு சொன்னீங்களே. நெசந்தானா?"

கந்தையா கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

"அப்பிடித்தான் நினைச்சனான், சன்னாசி. அவளின்ரை உடம்பிலை வேறை ஏதும் குறை இருந்துதோ, எனக்குத் தெரியாது. நான் டொக்டர் இல்லை. உமக்கு ஏதாவது சொல்லவேணும் எண்டு சொன்னன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "பிழைதான்."

சன்னாசிக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. "நீங்க நல்லதுக்குத்தான் சொன்னீங்க" என்றான். வெளியே வந்து, ஆலைக்குப் பின்னால் உட்கார்ந்து முதல் தடவையாக அழுதான். சயாமில் அழாதவன், சுடுகாட்டில் அழாதவன். ஏழு வாரம், அந்தச் சங்கிலி, அந்தப் பித்தளைப் புஷ், வாளிப் பால். எதற்குச் செய்தோம் என்பதுகூட இப்போது கையில் இல்லாமல் போய்விட்டது.

மோட்டாரை ராமகிருஷ்ணன் வந்து லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். இரண்டு வருஷத்தில் சன்னாசியும் தோட்டத்தை விட்டான். இரண்டு விரல் மடங்காத கையால் உருளைகளின் பக்கத்தில் நிற்பது ஆபத்து என்று துரை சொன்னார். ரஹாங்கில் ராமகிருஷ்ணனின் பட்டறைக்குப் பக்கத்திலேயே ஓர் அறை கிடைத்தது. அங்கே எல்லா வேலையும் செய்வான். பின்சக்கர ஸ்பிரிங் மாற்ற யாராவது வந்தால் மட்டும் எழுந்து தேநீர்க் கடைக்குப் போய்விடுவான். ராமகிருஷ்ணன் தானே செய்வான், ஒன்றும் கேட்க மாட்டான். பஞ்சாலை ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போனாள். அவர்களுக்குப் பிறகு குழந்தை இல்லை.

1960-ல், அவசரகாலம் முடிந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்ன அன்று, பகல் நேரம், இருவரும் வீட்டில் இருந்தார்கள். பக்கத்து வீட்டு ரேடியோ சுவரைத் தாண்டிக் கேட்டது. தெருவில் யாரோ கை தட்டினார்கள். சன்னாசி சோறு தின்றுகொண்டிருந்தான். பஞ்சாலை ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள்:

"அதுக்கு வள்ளிநாயகின்னு பேரு வச்சிருந்தேன்."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அந்த ஆறாம் மாசமே வச்சிட்டேன். பொம்பளப் புள்ளதான்னு தெரியும் எனக்கு. ஒங்ககிட்ட சொல்லல."

"ஏன் சொல்லல?"

"பொறந்தப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்."

சன்னாசி தட்டைத் தள்ளிவைக்கவில்லை. மெல்ல அந்தப் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்தான். எட்டு வயது ஆகியிருக்கும் என்றான். அவள், அடுத்த மாசம் வந்தா எட்டு என்று திருத்தினாள். பிறகு இருவரும் அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள், பள்ளிக்கூடத்திலிருந்து வர நேரமாகிவிட்ட பிள்ளையைப் பற்றிப் பேசுவதுபோல.